ஒரு படி தவிடு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெயர்ப்பலகை வந்துவிட்டது. ‘ஆதிரை விங்ஸ்’. சிவப்பில் மஞ்சள் எழுத்து. ஓரத்தில் வாணலி நிறைய கோழி றெக்கைகள், எண்ணெய் நுரை அடங்காமல், காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக. நான் எடுத்த படம். பலகையை மாட்டிவிட்டு இறங்கியவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"படத்தப் பாத்தாவே எச்சில் ஊறுதுங்கக்கா. எந்த ஸ்டுடியோவுல எடுத்தீங்க?"

"வீட்லதாங்க."

என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து படத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பாப்பா ஆதிரை தாராபுரம் போய் இன்றோடு நான்கு நாள். வசந்தாமணி அண்ணியிடம் இருக்கிறாள். இவருடைய அக்கா. கல்யாணமாகிப் பதினாறு வருடம், குழந்தை இல்லை. ஆதிரை பிறந்த அன்றே கைக்குழந்தைத் துணியெல்லாம் தைத்துக்கொண்டு ஓடி வந்தவர்.

எழுதி வைத்தால் நெஞ்சுப் படபடப்பு குறையும் என்றுதான் இந்த நோட்டு. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆடி பத்தாம் தேதி, கடைக்கு மசாலா சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் வைத்து, பாப்பாவின் இடது கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. தோளிலிருந்து முழங்கைக்குக் கீழ் வரை. பத்தொன்பது மாதக் குழந்தை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இவர் வாணலியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார் என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

அண்ணி ஜோசியரிடம் போய்விட்டு வந்தார். பிள்ளைக்குக் கண்டம் இருக்கிறது, கார்த்திகை பிறக்கிறவரை பெற்றவர்களிடம் இருக்கக் கூடாது, தவிட்டுக்குக் கொடுத்து வாங்குங்கள் என்றாராம். வாங்குகிறவர் ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கெட்ட காலம் பெற்றவர்களைத் தேடி வந்து, இவர்களுக்குப் பிள்ளையே இல்லையே என்று ஏமாந்து திரும்பிப் போய்விடும். அப்புறம் நாம் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வழக்கமாக இது அரைமணி நேரச் சடங்கு. என் சித்தி மகனைக் காலையில் விற்று, இட்லி வேகிறதற்குள் வாங்கிவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் நடுவில் மூன்றரை மாதம். கடை தொடங்குகிற நேரம், அடுப்பும் எண்ணெயுமாகக் கிடக்கும், பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவள், முந்தானையை ஏந்தித் தவிட்டை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்த்திகைக்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் ஆகாது, தைக்குத் தள்ளிப் போய்விடும்.

மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கிறது.


ஆகஸ்ட் 29, வெள்ளி

கடை திறந்தாயிற்று. இந்தப் பக்கம் பனியன் கம்பெனி, அந்தப் பக்கம் லேடீஸ் ஹாஸ்டல், நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முதல் ஆளாக வந்தவர் எதிர் டீக்கடை ரங்கநாதன்.

"ஏனுங், வெறும் றெக்கை மட்டுந்தானுங்களா? மீதிக் கோழி எங்கீங்?"

"மீதிக் கோழி பாய் கடையிலயே இருக்குதுங்க" என்றார் இவர்.

"அப்ப பாதிக் கடைதான் தொறந்திருக்கறீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரங்கநாதன் ஆறு துண்டு தின்றார். "சப்பறதுக்கே ஒரு ஆள் போடோணுமாட்ட இருக்குது. ஆனா ருசிதானுங்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் சொல்லித்தானோ என்னவோ, சாயங்காலம் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

கூட்டத்தில் யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுதது. எனக்கு முன்பக்கம் நனைந்துவிட்டது. ஏப்ரனை இன்னும் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். பால் நிற்பதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னும் போடவில்லை.


செப்டம்பர் 3, புதன்

வீடியோ கால் வேண்டாம் என்கிறார் அண்ணி. போனில் என் முகத்தைப் பார்த்தால் பாப்பா அப்புறம் வீடு முழுக்கத் தேடுகிறாளாம், கட்டிலுக்கு அடியில்கூட. சரி என்றேன்.


செப்டம்பர் 10, புதன்

கோழிக்கடை அன்வர் பாயிடம் இன்று ஒரு பஞ்சாயத்து.

"தோலோட குடுங்க பாய்."

"தோலோடயா? இந்த ஊர்ல நாய்க்கு வாங்கறவங்ககூட உரிச்சுத்தாம்மா கேக்கறாங்க."

"தோல் இல்லைன்னா மொறுமொறுப்பு வராதுங்க."

"சரி. மஞ்சத் தடவி வாட்டித் தரேன். எவனாச்சும் மூஞ்சியச் சுளிச்சா எங்கடைப் பேரச் சொல்லிராதீங்க, ஆமா."

றெக்கையை மூன்றாக வெட்ட வேண்டும். நுனித் துண்டு சூப்புக்கு, மற்ற இரண்டும் பொரிக்க. இவர் வெட்டுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். மூட்டுக்குள் கத்தி போனால் சத்தமே வராது. ஒன்பது வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கை. ஆர்டர் குறைந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே விதவிதமாக றெக்கை பொரித்துப் பார்த்து, பள்ளிபாளையம் சிக்கன் பக்குவத்தில் இதைப் பண்ணலாம் என்று கண்டுபிடித்தது அவர்தான். அப்போது எவ்வளவு பேசுவார்!

இப்போது அடுப்பைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி அடித்திருக்கிறார். உள்ளே அவர் மட்டும். என்னைக்கூட விடுவதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தால், பாதி வழியில் திருப்பிக்கொண்டு போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார். இன்று இரண்டு முறை.

இரண்டாவது முறை திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தவர், கிளப்பாமல் சொன்னார்: "நான் வாணலியத் தூக்கி மேல வெச்ச மாதிரியே இருக்குது மைதிலி. மேடை மேல. சொவத்தோரமா."

நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.


செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. பிரியாணிக் கடைகளே பாதி ஷட்டரைப் போட்டுவிட்டன. "ஆவணியில கறிக்கடை தொறந்த புண்ணியவான் நீங்க ஒருத்தருதானுங்" என்கிறார் ரங்கநாதன். எங்களுக்குத் தெரியாததா? எங்கள் வீட்டிலும்தான் பெருமாளுக்குத் தளிகை போடுகிறோம். ஐப்பசியில் திறந்திருக்கலாம். இரண்டு பேராலும் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இன்று விற்றது ஒன்பது தட்டு. மீதி ரங்கநாதன் கடை நாய்களுக்கு.


செப்டம்பர் 21, ஞாயிறு

தாராபுரம் போய் வந்தேன். தனியாகத்தான். எண்ணெய் மாற்ற வேண்டும் என்று இவர் வரவில்லை. புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வரப்போகிறார்கள்? தவிட்டுக்குக் கொடுத்த நாளுக்குப் பிறகு அவர் பாப்பாவைப் பார்க்கவே இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்தேன். அண்ணி வீட்டு வாசலில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் ஆதிரை. முழுக்கைச் சட்டை. ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் தாவினாள். கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு, கையை விட்டு ஜாக்கெட்டை இழுத்தாள்.

"வேணாம் அம்மிணி" என்றார் அண்ணி. மெதுவாகத்தான் சொன்னார். "இப்பத்தான் மறந்து சோறு திங்கறா. நீ இன்னைக்குக் குடுத்துட்டுப் போயிருவ. நாளைக்கு அழுவறத நான்தான பாக்கோணும்?"

"ஒரே ஒரு தடவ அண்ணி."

"உன்ற இஷ்டம். நான் பெத்தவளா, வேணாங்கறதுக்கு?"

அவரே உள்ளே போய் வேப்பிலை அரைத்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நின்று நானே பூசிக்கொண்டேன். பச்சை விழுது, குளிர்ச்சியாக இருந்தது. ஆதிரை ஆசையாக வாயை வைத்தாள். துப்பினாள். இன்னொரு பக்கம் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நாக்கை நீட்டியபடி என்னையே பார்த்தாள். பிறகு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணியிடம் நடந்து போனாள்.

அண்ணன், அதாவது அண்ணியின் வீட்டுக்காரர், என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். "உங்கக்கா இப்பெல்லாம் சிரிக்கறா அம்மிணி" என்றார். ‘உங்கக்கா’ என்றுதான் என்னிடம் எப்போதும் சொல்வார். அவ்வளவு நல்ல மனிதர்கள். அதுதான் எனக்குக் கஷ்டம்.

வீட்டுக்குத் திரும்பியதும், கையைப் பார்த்தாயா என்று இவர் கேட்டார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள் என்றேன். தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.


அக்டோபர் 4, சனி

மூன்றாம் புரட்டாசி சனி. கடை லீவு. பால் நின்றுவிட்டது.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புரட்டாசிக்குச் சேர்த்து வைத்துத் தின்கிறது ஊர். மத்தியானம் கடையைத் திறந்ததிலிருந்து வரிசை. ஹாஸ்டலில் ஊருக்குப் போகாத பெண்கள், கம்பெனியில் ஒடியாவும் பீகாரும், "காரம் கம்மி பண்ணாதீங்க அண்ணா" என்று ஒரு கும்பல், "பண்ணுங்க" என்று ஒரு கும்பல்.

நாலு மணிக்கு அண்ணியும் அண்ணனும் ஆதிரையோடு வந்து இறங்கினார்கள். சொல்லாமல் வந்தார்கள், சந்தோஷப்படுத்த. பட்டுப்பாவாடை, ரெட்டைக் குடுமி. அண்ணி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். கழுவினாலும் மிளகாய் போகாது, அதனால் தொடாமல் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

ஆதிரை விரலை நீட்டி, "த்தை" என்றாள்.

"ஐயோ, அத்தை இல்ல சாமி!" அண்ணி பதறிப்போனார். "அம்மா. அது அம்மா. எங்க, அம்மா சொல்லு பாக்கலாம்."

ஆதிரை கழுத்தைத் திருப்பி அண்ணியைப் பார்த்து, "ம்மா" என்றாள்.

வரிசையில் நின்ற பெண் ஒருத்தி சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. நானும்தான்.

அந்த நேரம் இவர் அடுத்த கூடையை எண்ணெயில் இறக்கினார். சொர்ர்ர் என்றது. அந்தச் சத்தத்துக்கு ஆதிரை உடம்பெல்லாம் விறைத்துக் கத்த ஆரம்பித்தாள். மூச்சு நின்று நின்று வந்தது. அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, டீக்கடையையும் தாண்டிப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் இவர் கம்பிக்குள்ளே நிற்கிறார். அடுப்பை அணைத்துவிட்டார். பதினோரு பேர் தட்டோடு நிற்கிறார்கள்.

"அண்ணா? அண்ணா, எங்களுது?"

அவருக்குக் காது கேட்கவில்லை. நான் உள்ளே போய் இடுக்கியை வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு மீதியைப் பொரித்தது நான்.

அவர்கள் சாப்பிடாமலே தாராபுரம் கிளம்பிவிட்டார்கள்.


நவம்பர் 9, ஞாயிறு

கடைக்கு வாய் விளம்பரம் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் ஹாஸ்டல் வார்டன் அம்மாவே ஆள் அனுப்புகிறார். ஒரு கம்பெனியில் ஷிப்ட் முடிகிற அன்றைக்கு நூற்றைம்பது பேருக்குக் கேட்டிருக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டிய நாள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் சொன்னார். "அக்கா கூப்புட்டுச்சு. பாப்பாவ ஸ்கூல்ல சேக்கற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னு கேக்குது. சரின்னுட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேக்காமயா?"

"அங்க பத்தரமா இருக்கா."

"ஏங்க, நம்ம புள்ளைங்க அது. கார்த்திகையில வாங்கோணும். இப்ப வாங்கலீன்னா..."

"எங்கிட்ட இருக்க வேணாம் மைதிலி." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குப் புத்தி சரியில்ல. கீழ வெச்சத நான் மேல வெச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. அப்படியே படமாட்டத் தெரியுது. நடக்காதது ஒருத்தனுக்கு அப்படித் தெரியுமா? நாளைக்குக் கதவத் தொறந்து போட்டுட்டுப் போவேன். தண்ணித்தொட்டிய மூடாம வருவேன். மூடுனேன்னு சத்தியம் வேற பண்ணுவேன். அவ அங்கயே இருக்கட்டும்."

சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனார்.


நவம்பர் 11, செவ்வாய்

மணி ஒன்றாகப் போகிறது. அந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதினேன். எழுதாமல் முடியாது போலிருக்கிறது.

ஆடி பத்து. பதினொரு மணி இருக்கும். இவர் றெக்கைகளைப் பொரித்து, அடுப்பை அணைத்து, வாணலியை மேடையின் சுவரோரம் தள்ளி வைத்தார். "தேங்கா தீந்துருச்சு, அடுத்ததுக்கு வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார். போகும்போது பாப்பா கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்.

கடையின் இணையப் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மேடைமேல் வெளிச்சம் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெயில் இன்னும் நுரை இருந்தது, அது அடங்குவதற்குள் எடுத்தால்தான் அழகு. இரண்டு பக்கமும் துணியால் பிடித்து வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்து நான்தான் தரையில் வைத்தேன். மிளகாயை நாலு இடத்தில் போட்டேன். எட்டுப் படம் எடுத்தேன். எது நன்றாக வந்திருக்கிறது என்று, வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா என் முதுகுப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். வாணலிக்குத் தள்ளி, கதவோரமாக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டது என்னிடம். அவர் குழந்தையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "இவங்கப்பா கீழ வெச்சுட்டு வெளிய போயிட்டாரு" என்று என் வாய் சொன்னது. அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார். அந்த ஒரு நொடியில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நொடியில்கூடச் சொல்லியிருக்கலாம்.

எட்டில் ஒன்றுதான் பலகையில் இருக்கிறது.


நவம்பர் 12, புதன்

சொல்லவில்லை.


நவம்பர் 14, வெள்ளி

நூற்றைம்பது பேர் ஆர்டர். காலை ஐந்திலிருந்து வெங்காயம். எல்லோரும் பாராட்டினார்கள். சொல்லவில்லை.


நவம்பர் 19, புதன்

கார்த்திகை பிறந்து மூன்று நாள். கடையில் அவர் றெக்கை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வராது என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏங்க. வாணலிய நீங்க மேலதான் வெச்சீங்க."

கத்தி நின்றது.

"நான்தான் கீழ எடுத்து வெச்சேன். ஜன்னல்கிட்ட. போட்டோவுக்கு."

"எந்த போட்டோவுக்கு?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு வெளியே போனார். ரோட்டில் நின்று, முதல் தடவையாக நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. ரங்கநாதன் எதிர்க் கடையிலிருந்து, "என்னுங் மாப்ள, கண்ணு படப்போவுதுங்களா?" என்று கேட்டார். இவர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

உள்ளே வந்து குழாயில் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"நாலு மாசம்" என்றார். "ஏம் மைதிலி?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கு இருக்காதா?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட நம்பர்கூட வாங்கி வெச்சிருக்கறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. "என்ற புள்ளையத் தொடவே பயந்துக்கிட்டு இருந்தேன்."

கத்துவார், அடிப்பார்கூட என்று நினைத்திருந்தேன். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரத்தக் கறை படிந்த அதே சட்டையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். எந்தப் பஸ் என்று எனக்குத் தெரியும்.

மீதி றெக்கைகளை நான் வெட்டினேன். எனக்கு மூட்டு அகப்படவில்லை. எல்லாமே எலும்பு நொறுங்கித்தான் வந்தன.


நவம்பர் 20, வியாழன்

காலையில் திரும்பி வந்தார். ராத்திரி பாப்பா அவர் நெஞ்சில் படுத்துத் தூங்கினாளாம். இதைச் சொல்லும்போது அவர் முகம் பழைய முகமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் போய்விட்டது.

"டிசம்பர் ஏழு நாள் நல்லா இருக்குதாம். வாங்கிக்கலாம்."

"அண்ணிகிட்ட..."

"சொல்லல. சொன்னா அக்கா குடுக்காது."

பலகையில் படத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். யாவாரம் நடக்குதில்ல" என்றார்.


டிசம்பர் 7, ஞாயிறு

வாங்கிவிட்டோம்.

அண்ணி அவளைக் குளிப்பாட்டி, பூ வைத்து, துணிமணியெல்லாம் ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தார். எதற்கு என்ன மருந்து, எத்தனை மணிக்குத் தூங்குவாள், சோற்றில் நெய் எவ்வளவு, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எல்லாம் ஒரு தாளில் எழுதியிருந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. தம்பியிடம் கொடுத்தார்.

படியில் தவிட்டை அளந்தேன். அண்ணி முந்தானையை ஏந்தினார். நான் கொட்டியபோது கொஞ்சம் காற்றில் பறந்து அவர் கண்ணில் பட்டது. "தவிடு பட்டுருச்சு, தவிடு பட்டுருச்சு" என்று சொல்லிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குள் போனார். நாங்கள் கிளம்புகிற வரை வெளியே வரவில்லை. அண்ணன்தான் வாசல் வரை வந்தார். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று நாலைந்து தடவை சொன்னார்.

பஸ்ஸில் ஆதிரை "ம்மா, ம்மா" என்று ஜன்னலை அறைந்துகொண்டே வந்தாள். குண்டடம் தாண்டி ஏறிய ஒரு அம்மா, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏந்தம்பி, கொழந்தையோட அம்மா எங்க? இப்படி அழுவ வுடறீங்க?"

இவர் என்னைக் காட்டினார். "இவங்கதாங்க."

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.


டிசம்பர் 9, செவ்வாய்

காய்ச்சல். 101.4. ஏக்கக் காய்ச்சல்தான் என்கிறார் டாக்டர். நான் தூக்கினால் திமிறுகிறாள். அவர் தூக்கினால் விசும்பிக்கொண்டே தோளில் சாய்கிறாள்.


டிசம்பர் 12, வெள்ளி

காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் ஆறு வாய்.

அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் பேசியிருக்கலாம்.

"நான் யோசிச்சுட்டேன். கடைய நீ பாத்துக்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

"கடை உங்களுதுங்க."

"அடுப்புகிட்ட நிக்க எனக்கு இனி முடியாது. உனக்கு நல்லா வருது. தீவாளியன்னைக்குப் பாத்தேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"பாப்பாகூட நான் தனியா இருக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

"அப்படி ஒரு நாளும் சொல்ல மாட்டேன்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார்.


டிசம்பர் 17, புதன்

மார்கழி. கூட்டம் குறைவு. கம்பிக்குள் நிற்பது பழகிவிட்டது.


டிசம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்தது சின்ன விஷயம்தான்.

அண்ணியின் தாளில் ஒரு வரி இருக்கிறது. குளித்த பிறகு தழும்பில் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், காலையும் மாலையும். இல்லாவிட்டால் கை வளர வளரத் தோல் இழுத்து முழங்கை மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னாராம். அதை இவர்தான் செய்கிறார். நான் அந்த நேரம் ஏதாவது வேலையாக இருந்துவிடுவேன்.

இன்று பதினொரு மணிக்கு அவர் பின்னால் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து கடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குளித்த ஈரத்தலையோடு, உள்பாவாடை மட்டும் கட்டிக்கொண்டு ஆதிரை வந்தாள். கையில் எண்ணெய்ப் புட்டி. எனக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். புட்டியைத் தரையில் வைத்தாள். இடது கையை நீட்டினாள்.

என்னைத் தேடி வரவில்லை. அந்த நேரத்துக்கு அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் நீட்டியிருப்பாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"இரு சாமி, அம்மா கை கழுவிட்டு வந்தர்றேன்" என்றேன். அம்மா என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். வருவதற்குள் எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். போகவில்லை. நீட்டிய கையை நீட்டியபடி, வெங்காயத் தோல் ஒன்றை மறுகையால் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மாதத்தில் இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். தோளில் ஆரம்பித்து ஒழுகினாற்போல் இறங்கி, முழங்கையில் திரண்டு, அதற்குக் கீழே நாலு சொட்டாகப் பிரிந்திருந்தது. ரோஜா நிறம். பளபளவென்று. எண்ணெய் எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது என்று அப்படியே தெரிந்தது. அவள் கையை எப்படி வைத்திருந்திருப்பாள் என்றும் தெரிந்தது. வாணலியிடம் அல்ல, அதைத் தாண்டி என் முதுகிடம் நீட்டியிருக்கிறாள்; இடறி விழுந்தபோது வாணலி தோளில் சாய்ந்திருக்கிறது.

எண்ணெயை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு தொட்டேன். வழுவழுப்பாக, சூடே இல்லாமல் இருந்தது.

பின்வாசலில் நிழல் தட்டியது. அவர் நின்றுகொண்டிருந்தார். பிழிந்த துணி கையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

"வட்டமா தேய்க்கோணும்" என்றார்.

வட்டமாகத் தேய்த்தேன்.